வளாகத்தில் தெரபி நாய்கள்: மாணவர்களுக்கான அமர்வை முறையாக நடத்துவது எப்படி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கெலோனா என்ற ஏரிக்கரை நகரம் உள்ளது. அங்குள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒக்கநாகன் வளாகத்தில், கல்வியியல் துறைப் பேராசிரியர் ஜான்-டைலர் பின்ஃபெட் 2012-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'பார்க்'. நாய்களின் துணையோடு மாணவர்களைப் படிப்பில் நிலைக்கச் செய்வது என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமான அந்தச் சொல்லுக்கு, அம்மொழியில் 'குரைப்பு' என்றும் பொருள் உண்டு. வீட்டைப் பிரிந்து முதன்முறையாக வெளியூரில் தங்கிப் படிக்க வரும் மாணவர்கள், பயிற்சி பெற்ற நாய்களோடு சற்று நேரம் தரையில் உட்கார்ந்து, அவற்றைத் தடவிக் கொடுத்து, கூட வந்தவரோடும் அருகில் இருக்கும் மற்ற மாணவர்களோடும் பேசிவிட்டுப் போவதற்கு வழிசெய்வதே இத்திட்டத்தின் வேலை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையைச் சரியாகச் செய்ய எவ்வளவு முன்னேற்பாடு தேவை என்பதை, ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவிலோ மாணவர் பேரவையிலோ இருந்துகொண்டு இதைத் தொடங்க எண்ணுவோருக்காக எழுதுகிறேன். திட்டத்தை நடத்துவதோடு அதன் பயனை அளந்து வெளியிடும் பழக்கமும் கெலோனாவில் இருப்பதால், பெரும்பாலும் அதையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போது எழும் பாதிச் சிக்கல்கள் இதிலிருந்துதான் வருகின்றன. பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டுவது போன்ற குறிப்பிட்ட பணிக்கென ஒரே ஒருவருக்காகப் பயிற்சி பெற்றது பணி நாய். அமெரிக்காவில் அதற்குப் பொது இடங்களில் நுழையச் சட்டப்படி உரிமை உண்டு. ஒருவரின் மன ஆறுதலுக்காக அவரோடு அவர் வீட்டிலேயே வாழ்வது ஆறுதல் நாய். அதற்குச் சிறப்புப் பயிற்சி கட்டாயமில்லை, அந்த உரிமையும் இல்லை. தெரபி நாய் மூன்றாவது வகை. அது யாரோ ஒருவர் வீட்டில் செல்லமாக வளர்வது. அவரோடு சேர்ந்து தேர்வு எழுதித் தேறியது. அழைப்பு வந்த இடத்துக்கு மட்டும் போய், முன்பின் தெரியாத பலரோடு சிறிது நேரம் பழகிவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புவது. 'சிகிச்சை நாய்' என்று தமிழாக்கினால் அது ஏதோ சிகிச்சை தருவதாகத் தோன்றிவிடுகிறது. இந்த அமர்வுகளில் சிகிச்சை நடப்பதில்லை என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எதை எதிர்பார்க்கலாம்

திட்டமிடும் முன் ஆய்வுகளைப் பார்ப்பது, எண்களை அறிக்கையில் ஒட்டிவைப்பதற்காக மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வோர் ஆய்விலிருந்தும் நடைமுறைக்கான ஒரு முடிவு கிடைக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா பென்ட்ரியும் ஜெய்மி வேண்டகிரிஃபும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 249 மாணவர்கள் பங்கேற்றனர். ஒரு குழுவினர் நாய்களையும் பூனைகளையும் 10 நிமிடம் தொட்டுத் தடவி விளையாடினர். இன்னொரு குழுவினர் வரிசையில் நின்று அதை வேடிக்கை பார்த்தனர். மூன்றாம் குழுவினர் அதே விலங்குகளின் படங்களைப் பார்த்தனர். நான்காம் குழுவினர் வெறுமனே காத்திருந்தனர். உமிழ்நீரில் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தபோது, தொட்டு விளையாடியவர்களிடமே அது குறைவாக இருந்தது. கெலோனாவில் 284 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது: நாயைத் தொட்டவர்கள், நாயின் அருகில் இருந்தும் தொடாதவர்கள், நாயில்லாமல் அதன் உரிமையாளரோடு மட்டும் பேசியவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில், அளந்த எல்லா வகையிலும் முன்னேற்றம் கண்டவர்கள் தொட்டவர்கள்தாம். ஆகவே முந்நூறு பேர் கூடி நின்று தலைக்கு மேலே கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கும் திருவிழாவாக இதை நடத்தினால், அதில் பயனடைவது நாய்க்கு மிக அருகில் இருக்கும் நாலைந்து பேர் மட்டுமே. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர்களில் எத்தனை பேரின் கை நாயின் மேல் நிதானமாக இருந்தது என்பதையே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது முடிவு கால அளவைப் பற்றியது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகத்தில் தேர்வுக்கு முன் நாய்களோடு அமர்ந்த 246 மாணவர்களை ஆராய்ந்தபோது, அமர்வு முடிந்ததும் மன அழுத்தம் குறைந்து மகிழ்ச்சியும் உற்சாகமும் கூடியிருந்தன; சுமார் பத்து மணி நேரம் கழித்துக் கேட்டபோது அந்தப் பயனில் பெரும்பகுதி கரைந்துவிட்டிருந்தது. எனவே பருவத்துக்கு ஒருமுறை, அதுவும் தேர்வு வாரத்தில் மட்டும் நடத்துவது, கடும் வெயிலில் ஒரே ஒரு குவளை மோர் கொடுத்து அனுப்புவது போன்றதே. குறைந்த அளவிலாவது வாரந்தோறும், ஒரே கிழமையில், ஒரே இடத்தில் நடத்தினால்தான், தனிமையில் தவிக்கும் ஒரு முதலாண்டு மாணவருக்கு வியாழன் மாலை போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற பிடிப்பு உண்டாகும். விடுதி வாழ்க்கையின் முதல் ஆறு வாரங்கள் தேர்வுக் காலத்துக்குச் சற்றும் குறையாத கடினம் கொண்டவை என்பது என் கணிப்பு; தொடங்குவதானால் அப்போதே தொடங்குங்கள்.

மூன்றாவது முடிவைத்தான் நிர்வாகங்கள் ஏற்கத் தயங்கும். பென்ட்ரியின் குழு 2021-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 309 மாணவர்கள் நான்கு வாரத் திட்டங்களில் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு மன அழுத்தத்தைக் கையாளுவது பற்றிய வகுப்பு, சிலருக்கு நாய்களோடு பழகும் நேரம், சிலருக்கு இரண்டும் கலந்தது. படிப்பில் பின்தங்கும் ஆபத்தில் இருந்த மாணவர்களிடம் திட்டமிடல், கவனம் போன்ற திறன்கள் நன்றாக மேம்பட்டது, வகுப்பு எதுவும் இல்லாமல் நாய்களோடு மட்டும் இருந்த குழுவில்தான். அந்த மேம்பாடு ஆறு வாரம் கழித்தும் நீடித்தது. ஆகையால் நாய்கள் இருக்கும் அறையில் திரை கட்டி, 'மன அழுத்தத்தை வெல்ல பத்து வழிகள்' என்று யாரையும் பேச விடாதீர்கள். சிறப்பு விருந்தினர், வரவேற்புரை, பொன்னாடை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாயையும் ஆளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தல்

நாயை வளர்த்து, பயிற்சி கொடுத்து, அமர்வுக்குக் கூட்டி வருபவரைக் கையாளுநர் என்று இங்கே குறிப்பிடுகிறேன். தேர்வு எழுதுவது நாய் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் போன்ற அமைப்புகள் நாயையும் கையாளுநரையும் ஓர் இணையாகவே மதிப்பிடுகின்றன. அங்கே நாய்க்கு ஒரு வயதாவது நிறைந்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடும் உண்டு. முரட்டுத்தனமாகத் தடவும் கை, பின்னாலிருந்து தட்டுத்தடுமாறி மோதும் ஆள், உரத்த குரலில் சண்டையிடும் இருவர், சக்கர நாற்காலி, எதிரே வரும் இன்னொரு நாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வைத்து, நாய் எப்படி நடந்துகொள்கிறது என்றும், அதே நேரத்தில் கையாளுநர் நாயைப் பார்க்கிறாரா, மதிப்பீட்டாளரைப் பார்க்கிறாரா என்றும் கவனிக்கிறார்கள். கனடாவில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும், பிரிட்டனில் 1983-இல் தொடங்கப்பட்ட பெட்ஸ் ஆஸ் தெரபி அமைப்பும் இவ்வாறு தேறிய தன்னார்வலர்களை அனுப்புகின்றன. உங்கள் ஊரில் அத்தகைய அமைப்பு இருந்தால் அவர்கள் வழியாகவே போவது எல்லா வகையிலும் நல்லது, ஏனெனில் காப்பீடும் பெரும்பாலும் அவர்களோடு சேர்ந்தே வரும்.

அமைப்பு எதுவும் இல்லாத ஊரில், பேராசிரியர் ஒருவர் வீட்டு லாப்ரடாரை அழைத்து வந்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. வீட்டாரிடம் குழைவாக இருக்கும் நாய், நாற்பது அந்நியரின் வாசனைக்கும் வழுக்கும் தரைக்கும் நடுவில் எப்படி இருக்கும் என்பதை யாரும் ஊகிக்க முடியாது. நாய்களின் நடத்தையை அறிந்த கால்நடை மருத்துவர் அல்லது பயிற்சியாளர் ஒருவர், மேலே சொன்ன சோதனைகளை அந்த அறையிலேயே வைத்து மதிப்பிட்ட பிறகே அதை ஏற்க வேண்டும். அமைதியாகப் படுத்திருக்கும் நாய் எல்லாம் பொருத்தமானது என்றும் கொள்ள வேண்டாம். சகித்துக்கொள்ளும் நாய் வேறு, விரும்பும் நாய் வேறு. கயிறு தளர்ந்திருக்கும்போது தானாக எழுந்து போய் முன்பின் தெரியாதவரின் மடியில் தாடையை வைக்கும் நாய்தான் இந்த வேலைக்கு உரியது.

இனம் பற்றிக் கேட்பவர்கள் பலர். கோல்டன் ரெட்ரீவர்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கலப்பின நாய்கள் உலகெங்கும் இந்தப் பணியில் உள்ளன. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தெடுக்கப்பட்ட ராஜபாளையம் போன்ற இனங்கள் அந்நியரிடம் எளிதில் ஒட்டுவதில்லை என்பதால் அவற்றைப் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டேன் என்றாலும், முடிவைச் சொல்ல வேண்டியது அந்தத் தனி நாயின் குணமே. தமிழ்நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதன்று: விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் 1991-இல் ஹாங்காங்கில் மருத்துவமனை நோயாளிகளிடம் நாய்களை அழைத்துச் செல்வதற்காகத் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தைச் சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு நடத்தியிருக்கிறது.

உடல்நலச் சான்றுகளைப் பொறுத்தவரை விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ரேபிஸ் தடுப்பூசி, டிஸ்டெம்பர், பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் உள்ள பகுதிகளில் அதற்கான ஊசி, குடற்புழு நீக்கம், உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இல்லை என்ற கால்நடை மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள் ஒவ்வொரு நாய்க்கும் கோப்பில் இருக்க வேண்டும். ஊசி காலாவதியாகும் தேதியைக் கையாளுநரின் நினைவுக்கு விட்டுவிடாமல் உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை இறைச்சி தின்னும் நாய்களின் எச்சிலிலும் மலத்திலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைப் பல அமைப்புகள் ஏற்பதில்லை.

அறையும் நேரமும்

தரைத்தளத்தில், வெளியே புல்வெளிக்குச் செல்லும் கதவோடு கூடிய அறை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மின்தூக்கிக்குள் அந்நியர்களோடு நெருங்கி நிற்பதிலேயே சில நாய்கள் பாதிச் சக்தியை இழந்துவிடும். பளிங்குத் தரையில் நாயின் கால்கள் வழுக்கும். வழுக்கும் நாய் பதற்றமான நாய். எனவே ஜமுக்காளமோ ரப்பர் விரிப்போ போடுங்கள். ஒரு விரிப்புக்கும் அடுத்த விரிப்புக்கும் இடையே, இரண்டு நாய்களும் ஒன்றையொன்று எட்ட முடியாத அளவு இடைவெளி இருக்கட்டும். ஒவ்வொரு நாய்க்கும் அதன் சொந்தத் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். மாணவர்களின் பைகளில் பிஸ்கட்டும் சாக்லேட்டும் இருக்கும். சாக்லேட் நாய்களுக்கு நஞ்சு. ஆகவே பைகளை வாயிலருகே ஒரு மேசையில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாய்க்குத் தாங்களாக எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது என்பதை வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெப்பம் பற்றிச் சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் நடத்துவோர் தனியாக யோசிக்க வேண்டும். நாய் மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கும். உள்ளங்கால்களில் தவிர அதற்கு வியர்வை பெரிதாக வராது. கூட்டம் நிறைந்த, காற்றோட்டமில்லாத அறையில் அது விரைவில் சோர்ந்துவிடும். குளிரூட்டிய அறை கிடைக்காவிட்டால் காலை எட்டு மணிக்கு முன்போ பொழுது சாய்ந்த பின்போ நடத்துங்கள். வாகனத்திலிருந்து அறைக்கு வரும் வழியிலுள்ள தார்ச்சாலையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், உங்கள் கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது.

ஒரு நாய்க்கு ஒரே நேரத்தில் மூன்று முதல் ஐந்து பேர், ஒரு குழுவுக்கு 20 நிமிடம் என்ற அளவு நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது. நான்கு நாய்கள், ஒவ்வொன்றிடமும் நான்கு பேர், மூன்று சுற்றுகள், சுற்றுகளுக்கிடையே பத்துப் பத்து நிமிட ஓய்வு என்று வைத்துக்கொண்டால் 80 நிமிடத்தில் 48 மாணவர்கள் வந்து போகலாம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்த நாயையும் வேலை வாங்கக் கூடாது என்பது பெட் பார்ட்னர்ஸ் வைத்திருக்கும் வரம்பு. என்னைக் கேட்டால் முதல் சில மாதங்களுக்கு 80 நிமிடமே போதும். முன்பதிவா, விரும்பும்போது வந்து போவதா என்பது உங்கள் வளாகத்தைப் பொறுத்தது. கெலோனாவில் விரும்பியபடி வந்து போகும் முறையில் 1,960 மாணவர்களைக் கணக்கெடுத்தபோது, அவர்கள் சராசரியாக 35 நிமிடம் தங்கியிருந்தார்கள் என்று தெரிந்தது. அப்படி விட்டுவிட்டால் தேவைப்பட்டவர் தேவைப்பட்ட நேரம் இருந்துவிட்டுப் போகிறார் என்பது அதன் நன்மை. ஆனால் அதற்கு நாய்களின் எண்ணிக்கை அதிகமாக வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி நூலகம் 2011-இல் மோன்டி என்ற ஒரே ஒரு நாயைப் புத்தகத்தைப் போலவே முப்பது நிமிட இரவலுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஒரு நாய் மட்டுமே உள்ளவர்களுக்கு முன்பதிவு முறைதான் சரி.

அமர்வு நடக்கும்போது

வாயிலில் ஒரு மாணவத் தன்னார்வலர் நின்று, உள்ளே வருபவர் கைகளைச் சுத்தம் செய்துகொண்டாரா என்று பார்த்து, அரை நிமிடத்தில் ஐந்து செய்திகளைச் சொல்ல வேண்டும்: தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், நாய் உங்களிடம் வரட்டும், தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவராமல் மார்பிலோ தோளிலோ தடவுங்கள், கட்டிப்பிடிக்காதீர்கள், முகத்தோடு முகம் வைக்காதீர்கள். கட்டிப்பிடிப்பதை மனிதர்கள் அன்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அநேக நாய்கள் அதைச் சிறைப்பிடிப்பதாக உணர்கின்றன. படம் எடுப்பதைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒத்திவைப்பது நல்ல வழக்கம்; அழுதுகொண்டிருக்கும் ஒருவர் வேறொருவரின் படத்தின் பின்னணியில் வந்துவிடக் கூடாது.

கையாளுநர் என்ன பேசுகிறார் என்பதில்தான் அமர்வின் தரம் பெரும்பாலும் நிற்கிறது. நாயின் பெயர், அது செய்த ஒரு குறும்பு, எப்போது வீட்டுக்கு வந்தது என்று தொடங்கி, 'உங்கள் வீட்டில் நாய் உண்டா?' என்ற கேள்விக்கு வந்துவிட்டால், பிறகு மாணவர்களே பேசுவார்கள். ஊரில் விட்டுவந்த நாயைப் பற்றிப் பேசத் தொடங்கி, அம்மாவைப் பற்றியும் அறைத்தோழனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போவார்கள். கை நாயின் மேலும் கண் நாயின் மேலும் இருப்பதால், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே பேச முடிகிறது. கூச்சம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கையாளுநர் கேட்கலாம், தலையசைக்கலாம், 'அது கஷ்டம்தான்' என்று சொல்லலாம். அறிவுரை சொல்லக் கூடாது. தம் பிள்ளை இதே வயதில் எப்படிச் சமாளித்தான் என்ற கதையைத் தொடங்கவே கூடாது.

நாயைக் கவனிப்பது கையாளுநரின் முதல் கடமை. ஆயினும் அமர்வுக்குப் பொறுப்பான உங்களுக்கும் அதன் மொழி தெரிந்திருக்க வேண்டும். தூக்கம் வராத நேரத்தில் வரும் கொட்டாவி, உணவில்லாதபோது மீண்டும் மீண்டும் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கையில் வெள்ளைவிழி பிறைபோலத் தெரிவது, ஒரு முன்னங்காலை மெல்லத் தூக்கி வைத்திருப்பது, நனையாதபோதும் உடம்பை உதறுவது, வாலை இடுக்கிக்கொள்வது ஆகியவை போதும் என்று நாய் சொல்லும் வழிகள். உறுமல் கடைசியில் வருவது. அதற்கு முன்பே இத்தனை முறை அது சொல்லியிருக்கும். ஓர் அறிகுறி தென்பட்டால் இடைவெளி விடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அந்த நாயின் அன்றைய வேலை முடிந்துவிட்டது, வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் சரி. இதைச் செய்ய ஏற்பாட்டாளருக்குத் துணிச்சல் வேண்டும். துணைவேந்தர் வருகிறார் என்பதற்காகக் களைத்த நாயை இன்னும் பத்து நிமிடம் இருத்திவைக்கும் தவறு எங்கும் நடக்கக்கூடியது. ஆகவே 'நாயை எப்போது வேண்டுமானாலும் அழைத்துச் செல்லும் முடிவு கையாளுநருடையது மட்டுமே' என்று எழுத்தில் வைத்துவிடுங்கள். நாய் தானாக எழுந்து போகவும் வழி இருக்க வேண்டும். சுவரோரமாகவோ மேசைக்கு அடியிலோ அதற்கு ஒரு விரிப்பு போட்டு, அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் தொடக் கூடாது என்று விதி வையுங்கள்.

கீறலோ பல்பட்ட காயமோ நேர்ந்தால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லி ஒருவரையும் திருப்பி அனுப்பாதீர்கள்; எதைச் செய்ய வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வர விரும்பாதவர்கள்

நாய் எல்லோருக்கும் ஆறுதல் தரும் என்ற எடுகோள் தவறு. தெருநாய் துரத்திய நினைவோடு வளர்ந்தவர்கள், கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட கதையை மூத்தவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். இந்த அச்சத்தைக் கேலி செய்வதும், 'தொட்டுப் பார், ஒன்றும் செய்யாது' என்று கையைப் பிடித்து இழுப்பதும் அறவே கூடாது. நடத்தும் நாளையும் அறையையும் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போடுங்கள். நாய்கள் எந்த வாயில் வழியாக வரும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நூலகத்தின் ஒரே நுழைவாயிலில் நாய்களை அமர்த்தினால், அஞ்சுபவருக்கு அன்று நூலகமே இல்லை என்றாகிவிடும்.

நாயின் உமிழ்நீரைத் தூய்மைக்கு ஊறாகக் கருதும் முஸ்லிம் மாணவர்கள் உண்டு. தமிழ் முஸ்லிம்களிடையே பரவலாக உள்ள ஷாஃபி வழிமுறையில் அதைக் கழுவுவதற்குத் தனி விதியே இருக்கிறது. தொழுகைக்கான அறைக்கு அருகிலோ அதற்குச் செல்லும் வழியிலோ அமர்வை வைக்காமல் இருப்பது சிறிய கவனம்தான், ஆனால் கவனிக்கப்பட்டதை அவர்கள் உணர்வார்கள்.

ஒவ்வாமை விஷயத்தில், 'ஒவ்வாமை தராத இனம்' என்று விற்கப்படும் நாய்களை நம்ப வேண்டாம். ஒவ்வாமைப் புரதங்கள் நாயின் உமிழ்நீரிலும் தோல் பொடுகிலும் உள்ளன. முடி உதிராத நாயிடமும் அவை உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்து, அமர்வுக்குப் பின் அறையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ஆலோசனை மையத்துக்கான வழி

அமர்வுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சற்றே இளைப்பாற வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். எப்போதாவது ஒருவர், நாயின் காதைத் தடவிக்கொண்டே, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லிவிடக்கூடும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே முழுத் திட்டத்தையும் தயார்ப்படுத்தி வைக்க வேண்டும். வளாகத்தின் மனநல ஆலோசகர் ஒருவர் அமர்வு முழுவதும் அறையிலேயே, அடையாள அட்டை எதுவும் மாட்டாமல், மற்றவர்களைப் போலத் தரையில் உட்கார்ந்திருப்பதே சிறந்த ஏற்பாடு. கையாளுநருக்குக் கற்றுத்தர வேண்டியது மிகக் குறைவு: பதறாமல் கேட்பது, 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, 'இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், நானே உங்களை அவரிடம் கூட்டிப் போகிறேன்' என்று சொல்லி, எழுந்து, கூடவே நடப்பது. தொலைபேசி எண் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது இதற்கு ஈடாகாது. நாயும் கூடவே வந்தால், ஆலோசகரின் அறை வரை உள்ள நடை அவ்வளவு நீளமாகத் தெரியாது.

ஆலோசகர் இல்லாத மாலை நேரங்களுக்காக, இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை) எண்ணையும், இலங்கையில் தேசிய மனநல உதவி எண்ணான 1926-ஐயும், கனடாவில் 988-ஐயும் வாயிலருகே ஒட்டிவையுங்கள். இந்த எண்கள் மாணவர்களுக்காக மட்டும் என்றில்லாமல் தன்னார்வலர்களுக்கும் பயன்படும். ஆலோசகர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை நாய்களால் நிரப்பலாம் என்று எந்த நிர்வாகமாவது நினைத்தால், அந்தத் திட்டத்துக்கு நாய்களை அனுப்ப மறுத்துவிடுவதே முறை.

அளப்பதும் தொடர்வதும்

நீண்ட வினாத்தாள் வேண்டாம். உள்ளே வரும்போது 'இப்போது உங்கள் மன அழுத்தம் எவ்வளவு?' என்று கேட்டு ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண், போகும்போது அதே கேள்விக்கு இன்னோர் எண், எத்தனை நிமிடம் இருந்தார் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் பெயரில்லாத சீட்டில் போதும். முதல் முறை வருகிறாரா, முன்பே வந்திருக்கிறாரா என்பதைச் சேர்த்துக்கொண்டால் யாரைச் சென்றடைகிறோம் என்பதும் தெரியும். ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருக்கும் நாய்ப் பிரியர்களே வாரந்தோறும் வந்துகொண்டிருந்தால், அறிவிப்பை விடுதிகளுக்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் கொண்டுபோக வேண்டும். தாங்களாக விரும்பி வந்தவர்களிடம் கிடைக்கும் எண்கள் எப்போதும் சற்று நன்றாகவே இருக்கும் என்பதை அறிக்கை எழுதும்போது மறைக்காதீர்கள். நாய்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: அன்று எவ்வளவு நேரம் இருந்தது, இடையில் விலகிப் போனதா, வீட்டுக்குப் போனபின் எப்படி இருந்தது என்று கையாளுநர் இரண்டு வரி எழுதினால் போதும்.

அந்தப் பதிவேட்டில்தான் முதுமையும் முதலில் தெரியும். மூன்று வாரமாக விரிப்பை விட்டு மேசைக்கு அடியிலேயே படுத்திருக்கும் நாயை, வாயிலுக்கு வந்ததும் உள்ளே நுழையத் தயங்கும் நாயைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். அதைச் சத்தமில்லாமல் செய்துவிடாதீர்கள். வாரந்தோறும் ஒரே நாயிடம் வந்து உட்கார்ந்த மாணவர் ஒருவர், ஒரு வியாழனன்று அதன் விரிப்பு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகக்கூடும். கடைசி அமர்வின் தேதியை இரண்டு வாரம் முன்னதாகவே அறிவியுங்கள். அன்று கூட்டத்தைக் குறைத்து, பழகியவர்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். நாய் இறந்துவிட்டால் அதை மறைக்காமல், அடுத்த அமர்வு தொடங்கும் முன்பே வாயிலில் நிற்பவர் ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட வேண்டும். ஆலோசகர் அன்று கட்டாயம் அறையில் இருக்க வேண்டும். கையாளுநர் வர விரும்பினால், நாயில்லாமல் வந்து அதே விரிப்பில் உட்காரட்டும்.